மேனேஜரின் இடுப்பு பற்றிப் பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் உண்மையில் விசாரிப்பது நான்காவது ஆளை என்பதால் நேராக அதற்கே வருகிறேன்.

உங்கள் நாய் மேனேஜரால் உங்கள் வீட்டு இரண்டு மாடி ஏற முடியவில்லை என்று எங்கள் தரைத்தள வீட்டில் விட்டுப் போனபோது, "குணமானதும் கூட்டிட்டுப் போறேன். படிச்சவ நீதான், உள்ளது உள்ளபடி எழுது" என்றீர்கள். நான் பட்டம் வாங்கியதிலிருந்து நம் குடும்பத்தில் எழுத்து உள்ள எல்லாமே என்னிடம் வந்துவிடும். நாயின் மூட்டுவாதமும் வந்தது.

டாக்டர் ஒரு பெண். இடுப்பு வலிக்கிற நாயை மேசையில் தூக்கி வைக்காமல் அவரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, ஆனால் பேச வாய் வரவில்லை, கேள்விகளை எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன், அவரும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். அதற்குள் அப்பா, லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, "பேரிங் தேஞ்சிருக்கு டாக்டர், கிரீஸ் அடிச்சா சரியாயிடும்" என்று ஆரம்பித்துவிட்டார். "தேஞ்சது தேஞ்சதுதான் சார். மாசம் ஒரு ஊசி, தோலுக்கு அடியில. வலின்னு மூளைக்குப் போற சேதியை அது குறைக்கும்" என்றார் டாக்டர். "அப்போ அலாரம் வயரைக் கழட்டுறீங்க. நான் அப்படிப் பண்ணா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." "நீங்க லிஃப்டுல ஏத்துற ஆளைக் குறைக்கலாம்ல? இவன் நாலு கிலோ குறையணும்" என்று டாக்டர் ஊசியை எடுத்தார். ஊசி போடும்போது மேனேஜர் டாக்டரின் கைக்கடிகாரத்தை நக்கிக்கொண்டிருந்தான், அவனைப் பிடித்திருந்த அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, டாக்டர் கை கழுவி வந்த பிறகும் "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

டாக்டர் ஒரு தாளும் தந்தார். எழுந்திருப்பது, நடப்பது, படுக்கும்போது முனகுவது இவற்றைப் பார்த்து தினமும் வலிக்கு மதிப்பெண் போட வேண்டும்; பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. காலையில் நான், மாலையில் அப்பா. முதல் மாதம் இருவரும் எட்டு போட்டோம். இரண்டாம் ஊசிக்குப் பிறகு அவன் அம்மாவின் தையல் மெஷின் அடியிலிருந்து ஒரே மூச்சில் எழுந்தான், பால்காரரை வாசல்வரை துரத்தினான், நான் இரண்டு போட்டேன். அப்பா எட்டிலேயே நின்றார். அம்மா, "என்னங்க, இப்பதான் சோபாவுல குதிச்சான்" என்றால், "வலி தாங்காமத்தான் குதிக்கிறான். உனக்கு என்ன தெரியும்?" என்பார்.

மூன்றாம் ஊசிக்குப் போனபோது டாக்டர் தாளைப் பார்த்தார். "காலையில ரெண்டு, சாயங்காலம் எட்டா?" "வெளியாளுங்க முன்னாடி நல்லா நடப்பான் டாக்டர், மானஸ்தன்" என்றார் அப்பா. அப்போது மேனேஜர் டாக்டரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"இவன் உங்க நாயா சார்?"

"அண்ணனோடது."

"குணமானா?"

"கூட்டிட்டுப் போயிடுவாரு."

டாக்டர் அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அடுத்த மாதத் தேதியைக் குறித்தார்.

நாய்முடி சட்டையில் ஒட்டும் என்று முதல் வாரம் முழுக்க முணுமுணுத்த அதே அப்பாதான், பெரியப்பா. ஆனாலும் உள்ளதை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்: மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, மேனேஜர் உங்கள் மாடிப்படியை மெதுவாக ஏறிவிடுவான், மாத ஊசி மட்டும் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகலாம்.

பெரியம்மாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஆசி எப்போதும் எங்களுக்கு வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

பணிவுடன்,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அப்பா படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "சரியாத்தான் எழுதியிருக்க, அனுப்பிடு" என்றார். பிறகு மேனேஜரின் தட்டைக் கழுவித் துடைத்து ஒரு பையில் வைத்துவிட்டு, வேலைக்கே போகாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே ஒரு திருத்தம். இன்று காலையிலிருந்து மேனேஜர் நான்கு காலிலும் நொண்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரையே கேளுங்கள். நான் அவரிடம் வாய் திறந்து பேசி வைத்திருக்கிறேன்.