பூ நாள் வரட்டும் என்கிறாள் உன் அக்கா

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்றுதான் தொடங்கிப் பழக்கம். இந்த முறை பேனா அதை எழுத மறுக்கிறது. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகவே இருங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் ஆள் படுத்துக்கொண்டால் யார் யாரைப் பார்க்க வருவது? போனில் சொல்லலாம்தான். ஆனால் வீடு சின்னது. நான் ஹலோ என்றாலே தோட்டத்திலிருந்து "யாருங்க?" என்று குரல் வரும், குரலுக்குப் பின்னால் இருமல் வரும். அந்த இருமலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மழைக்காலத்தில் பிடித்த இருமல் வெயில் வந்தும் விடவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள். டாக்டரிடம் போகலாம் வா என்றால் அசைய மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் தெருக்கோடியில் இவள் போய்ச் சேர்ந்திருக்கும் அந்தத் தோட்டக் கூட்டம். இயற்கை விவசாயம் என்றால் எனக்கும் புரியும். பூச்சிமருந்து வேண்டாம், சாணம் போடு, சரி. இவர்கள் பயோடைனமிக் என்று அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பசுமாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைப்பார்களாம், குளிர்காலம் முழுக்க அது பூமியிலிருந்து சக்தி வாங்குமாம், பிறகு தோண்டியெடுத்து ஒரு பிடியைப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்குவார்களாம், நடுவில் சுழி விழும்வரை ஒரு பக்கம், சட்டென்று நிறுத்தி மறுபக்கம். தலைவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கொம்பு மாஸ்டர் என்று நான் வைத்த பெயர் இப்போது தெருவிலேயே நிலைத்துவிட்டது. "தண்ணிக்கு ஞாபக சக்தி இருக்கு சார்" என்றார். "எனக்கே இல்ல சார், அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளு நான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாருமே என் பேச்சுக்குச் சிரிப்பதில்லை, என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

கொம்பு புதைக்க எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் வாகாக இருக்கிறது என்று உன் அக்கா தாராளமாக இடம் கொடுத்துவிட்டாள். என்னிடம் யார் கேட்டார்கள்? அங்கே குழாய் ஒழுகுகிறது என்று நான் பிளம்பரைக் கூட்டி வந்து தோண்டச் சொன்னால், வரிசையாகக் கொம்புகள் வருகின்றன. "சார், என்ன சார் இது?" என்றான். "உரம்பா, உள்ள சாணம் இருக்கு" என்றேன். "உரத்த எவனாவது கொம்புல அடைப்பானா சார்? எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு, என்னை விட்ருங்க" என்று ஸ்பேனரைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான். குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாங்கள் யாருக்கோ செய்வினை வைக்கிறோம் என்ற பேச்சு மட்டும் தெருவெல்லாம் பரவிவிட்டது. இந்தக் கவலையில் தொண்டை வறண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். அது தண்ணீர் இல்லை, செடிக்குத் தெளிக்கக் காஞ்சொறி இலையைப் புளிக்க வைத்த சாறு. நான் குடலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உன் அக்கா பாட்டிலைப் பார்த்து, "நேத்துதாங்க பதமா வந்துச்சு" என்று வருத்தப்படுகிறாள். போகட்டும், இனிமேல் உங்கள் மேல் அசுவினிப் பூச்சி ஏறாது என்று ஆறுதல் வேறு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தக் காலண்டர். சந்திரன் நிற்கிற இடத்தைப் பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரித்திருக்கிறார்கள். கேரட் விதைக்க அது போதும். உன் அக்கா அதை உடம்புக்கும் பார்க்கிறாள். "கால்னா வேரு, நெஞ்சுன்னா பூவு. இன்னிக்கு இலை நாளுங்க. பூ நாள் வரட்டும், டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். பூ நாள் வந்தது, அன்று டாக்டருக்கு விடுமுறை. அடுத்த பூ நாளில் செவ்வந்தி நாற்று நட வேண்டும் என்றாள். அதற்கடுத்த பூ நாளில் எனக்கு முடிவெட்ட உகந்த நாள் என்று என்னை சலூனுக்குத் துரத்தினாள். இடைப்பட்ட நாளெல்லாம் நெஞ்சில் அரைத்துப் பூசிய இலைப்பற்று, வாயில் கஷாயம். நான் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதித்தவன், மாப்பிள்ளை. கம்பிக்கயிறு நைந்திருந்தால் லிஃப்ட்டை நிறுத்திக் கையெழுத்துப் போடுவேனே தவிர, கயிற்றுக்குக் கஷாயம் கொடுக்க மாட்டேன். இதை அவளிடம் சொன்னேன். "நான் லிஃப்ட் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் சண்டைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இருமும்போது பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறேன். ஒரு வரிகூட மனதில் ஏறுவதில்லை.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், நீ சொன்னால் கேட்பாள். உடனே புறப்பட்டு வா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வை. போகிற வழியில் கொம்பு மாஸ்டரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் கூட்டத்திலும் சேராமல், தீர்க்காயுளோடு இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன் அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. நேற்று உறையை ஒட்டப் பசை எங்கே என்று அவளிடம் கேட்டேன். "தம்பிக்கா? என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள். அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லி உனக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் போயிட்டு வந்துட்டேங்க. தோட்டத்துல சேர்றதுக்கு முன்னாடியே. நெஞ்சுல கட்டி, முத்திப்போச்சுன்னாங்க. ஊசி போட்டா கொஞ்ச நாள் தள்ளலாமாம், ஆனா படுக்கையிலயாம். நான் வெயில்லயே இருந்துக்கறேன்னு வந்துட்டேன்" என்றாள். கொம்பு மாஸ்டருக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க என்கூட சண்டையே போட்டிருக்க மாட்டீங்க. அப்புறம் இந்த வீட்டுல எப்படிங்க இருக்கறது?" என்றாள்.

இப்போது அவளால் அந்தக் கொம்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் கலக்க முடியவில்லை. இன்று காலை நான் கலக்கினேன். பீப்பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "திசைய மாத்துங்க, சுழி எங்க விழுந்துச்சு, ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியுதா உங்களுக்கு" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். நான் வேண்டுமென்றேதான் தப்பாகக் கலக்கினேன். நீயும் வா, மாப்பிள்ளை. வந்து கொஞ்சம் தப்பாகக் கலக்கு.