கமருஸ்ஸமான் போட மறந்த மைனஸ்

மூலக்குளம், புதுச்சேரி
9-2-1983

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகத் துப்பாக்கி தூக்கி உழைத்து, பாரீசில் பென்ஷனோடு அமர்ந்திருக்கும் அன்புள்ள மைத்துனர் கலியபெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை கமலாவின் கணவன் ஜானகிராமன் வணக்கத்துடன் எழுதுவது. கமலா சுகம். நான் சுகமில்லை. வயிற்றெரிச்சல், மருந்தில் தீராத வகை.

என்னோடு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் கமருஸ்ஸமானைப் பாரீசில் ஒரு மாநாட்டுக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைப் பக்கத்திலிருக்கும் தவளக்குப்பத்தில்கூட யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு வளைந்த பரப்பைச் சுழற்றினால் சில புள்ளிகள் மட்டும் நகராமல் நிற்குமல்லவா, அந்த நிலைப்புள்ளிகளை வைத்தே முழுப் பரப்பின் அடையாள எண்களைச் சொல்லிவிடலாம் என்பது அவர் ஆராய்ச்சி. ஒரே சமயத்தில் பல விதமாகச் சுழற்றுவார். அதற்கு டோரஸ் என்று பெயர். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், கமலா பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்த பூசணிக்காயை மேசைமேல் சுழற்றி, "பாருங்கம்மா, காம்பும் அடியும் மட்டும் நவுறாம நிக்குது. அந்த ரெண்டே போதும், முழுக் காயோட கணக்கும் வந்துடும்" என்றார். தங்கள் தங்கை, "இவ்ளோதானா அண்ணே? இவரு சொன்னா தூக்கம்தான் வருது" என்று என் எதிரிலேயே சொன்னாள். அன்றைக்குச் சாம்பாரை நான் தொடவில்லை. பொறாமைதான் மச்சான், வேறு பெயர் வைத்து மூடி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

போகும்போது கட்டுரையை என் கையில் கொடுத்து, "நீங்க ஒரு வாட்டி பாத்துட்டீங்கன்னா தைரியமா ப்ளேன் ஏறுவேன் சார்" என்றார். பார்த்தேன். ஒரு தப்பு கிடைத்து என் வயிற்றில் பால் வார்த்தது. நிலைப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னம், அதன் அடியில் சுழற்சியைக் குறிக்கும் எழுத்துகள். எல்லாவற்றையும் கூட்டினால் எழுத்துகள் அடிபட்டு வெறும் எண் மிஞ்ச வேண்டும். இந்த மனிதர், "மிஞ்சுவது எண் என்பது தெளிவு" என்று எழுதிவிட்டுக் கூட்டவே இல்லை. கணக்கு வாத்தியார் 'தெளிவு' என்று எழுதினால் சோம்பல் என்று அர்த்தம். நான் கூட்டினேன். எழுத்து மிஞ்சியது. பூசணிக்காயை மேலிருந்தே பார்த்தவர், கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. அங்கே சுழற்சி எதிர்த்திசையில் தெரியும். மைனஸ் போட வேண்டும். போடவில்லை. "பிரமாதம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே, அவர் தங்கள் வீட்டில் தங்க இடம் கேட்டால், கட்டில் உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள். மாநாட்டில் முன்வரிசையில் உட்காருங்கள். எவனாவது வெள்ளைக்காரன் கையைத் தூக்கி அந்த மைனஸ் எங்கே என்று கேட்கும்போது, அவர் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். இங்கே நான் அதைப் படித்துத்தான் சாப்பிட வேண்டும்.

தங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜானகிராமன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கமருஸ்ஸமான் வந்தார். டைப் அடித்த கட்டுரையின் முதல் பக்கத்தை ஆசையாகக் காட்டினார். "இதன் கணக்கு முழுவதையும் சரிபார்த்தவர் நண்பர் ஜானகிராமன்" என்று பிரெஞ்சில் அடித்திருக்கிறது. அவர் பேனாவைப் பிடுங்கி, பக்கத்தைப் புரட்டி அந்த மைனஸை நானே போட்டேன். "நல்ல வேள சார், நீங்க இல்லன்னா மானம் போயிருக்கும்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். யார் மானம் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு நல்ல கட்டிலாகக் கொடுங்கள். முன்வரிசையிலேயே உட்காருங்கள். அவர் பேசும்போது அளவாகக் கை தட்டினால் போதும். என் பெயரை வாசிக்கும்போது எழுந்து நின்று தட்டுங்கள்.