ஏழு மணிக் கேசட்

அன்று காலை ஏழு மணிக்குக் காளியாயி ஆம்பிளைக் குரலில் பதில் சொன்னாள்.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சந்திரசேகருக்குப் போர்வைக்குள்ளேயே வேர்த்துவிட்டது. மார்கழி மாதம் ஏற்காட்டு மலைமேல் கொட்டச்சேட்டில் ஒருவருக்கு வேர்க்கிறது என்றால் காரணம் ஒன்று காய்ச்சலாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முதலாளியாக இருக்கவேண்டும். இவருக்குக் காய்ச்சல் இல்லை.

அவர் கையில் எஸ்டேட் ஆபீஸ் போனின் ரிசீவர் இருந்தது. ஆபீசுக்கும் அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். ஜன்னல் வழியாகப் போனை இழுத்துக் கட்டிலுக்கே கொண்டுவந்திருந்தார். மடியில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த, கைப்பிடி வைத்த பழைய டேப் ரெக்கார்டர். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. அதன் ஸ்பீக்கருக்கு நேராக ரிசீவரைப் பிடித்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து அவர் குரலே எஸ்டேட் ஆட்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. ஒவ்வொருவராக "வந்துட்டேனுங்க" என்றார்கள்.

நிஜத்தில் ஒருத்தரும் வரவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இதில் ரைட்டரின் சோம்பேறித்தனம் பாதிதான். மீதிப் பாதி நல்ல மனசு. இந்த எஸ்டேட்டில் ஏழு மணிக்குப் பேர் கூப்பிட்டுவிடவேண்டும் என்பது முதலாளியின் தாத்தா காலத்துச் சட்டம். சேலத்தில் இருக்கும் முதலாளி அதற்கு ஒரு வாலும் சேர்த்திருந்தார். பேர் கூப்பிடும்போது ரைட்டர் சேலத்துக்குப் போன் போட்டு, பெயரும் பதிலும் தன் காதில் விழும்படி ரிசீவரைப் பிடிக்கவேண்டும். யாரையும் நம்பாத மனுஷர். பாதியில் ஒரு "சரி", முடிவில் ஒரு "ஆகட்டும், பாத்துக்க", அவ்வளவுதான் அவர் பேச்சு.

பள்ளிக்கூடத்துப் பஸ் எட்டு மணிக்கு வரும். ஏழு மணிக்கு வந்து பேர் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தலை வாரி, சோறு கட்டி, பஸ் ஏற்ற யார் இருக்கிறார்கள்? காளியாயியின் பேத்தி ஒரு மாதத்தில் ஒன்பது நாள் பஸ்ஸை விட்டாள். எட்டரைக்கு மாற்றலாமா என்று சந்திரசேகர் ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டுப் பார்த்தார். வேலை வேண்டுமா வேண்டாமா என்று முதலாளி திருப்பிக் கேட்டார். கேள்வி சின்னதுதான், ஆனால் சந்திரசேகருக்கு ஐம்பத்திரண்டு வயசு.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, காப்பி காய வைக்கும் களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து இந்தக் கேசட்டைப் பதிவு செய்தார். நாய் குரைத்தது, பறவை கத்தியது, எல்லாம் உள்ளே இருக்கிறது. செல்போனில் பதிந்து பார்த்தபோது கொசு கத்துவதுபோல் இருந்ததால் மாமனார் பெட்டிக்கு யோகம் அடித்தது. இரண்டு வருஷமாக, கேசட் ஏழு மணிக்கு வேலைக்கு வருகிறது. ஆட்கள் எட்டரைக்கு வருகிறார்கள். வேலை ஒரு கூடைகூடக் குறையவில்லை. முதலாளியும் முட்டி வலியோ என்னவோ, அதற்கப்புறம் மலை ஏறவில்லை.

இப்போது அந்தக் கேசட்தான் இழுத்தது. காளியாயி மட்டுமல்ல, மருதாயியும் சசிரேகாவும்கூட மீசை வைத்த குரலில் பேசினார்கள். வெள்ளையன் பேர் வந்தபோது பெட்டி உறுமியது. பட்டியலில் பாதிகூட ஆகவில்லை.

"ஆகட்டும், பாத்துக்க" என்றது முதலாளியின் குரல். போன் வைக்கப்பட்டது.

பேர் முடிவதற்கு முன்னால் முதலாளி போனை வைத்தது இதுதான் முதல் தடவை. சந்திரசேகர் ரிசீவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி கவிதா காப்பியோடு வந்து நின்றாள். பேட்டரிக் கட்டை தீர்ந்திருக்கும் என்றாள். புதுக் கட்டை போட்டுப் பார்த்தார், அதே மீசைக் குரல்தான். திருப்புளியால் பெட்டியைத் திறந்தார். உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கும் ரப்பர் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. கவிதாவின் தலைமுடியில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அங்கே மாட்டினார்.

"எந்தலையில இருக்கறதையெல்லாம் புடுங்கி உங்க மொதலாளிக்கு மாட்டுங்க" என்றாள் கவிதா.

ரப்பர் பேண்டு இறுக்கமானது. மறுநாள் காலை கேசட் தலைதெறிக்க ஓடியது. ரைட்டர் கீச்சுக் குரலில் கூப்பிட, பெண்கள் மைனாக் கூட்டம்போல் பதில் சொல்ல, நாற்பது பேரும் ஒன்றரை நிமிஷத்தில் வந்து தீர்ந்தார்கள். அப்புறம் நிசப்தம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. குளிருக்குச் சீக்கிரமாகக் கூப்பிட்டுவிட்டேன் என்று சந்திரசேகர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் வழக்கமான "ஆகட்டும், பாத்துக்க" வந்தது.

அந்த ஒன்றரை நிமிஷத்தில் சந்திரசேகர் தன் வேலை போய், வீடு போய், மாமனார் வீட்டுக்குப் போய் நின்றதுவரை பார்த்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

இனி கைவைத்தியம் உதவாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஒண்டிக்கடை முக்குக்குப் போனார். அங்கே ஜோஸ்வா மிக்சியும் டிவியும் பழுது பார்க்கிறவர். டேப் ரெக்கார்டரைக் கண்டதும் தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தார். ரப்பர் பேண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று கேட்டார். சந்திரசேகர் வீட்டுக்காரியுடையது என்றார். ஜோஸ்வா மேற்கொண்டு கேட்கவில்லை.

நல்ல வேலைக்காரர் அவர், அதில் குறையே சொல்லமுடியாது. புது பெல்ட் போட்டார். கேசட் உரசும் ஹெட்டை ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்தார். சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஒரு பட்டன் விடாமல் அழுத்திச் சோதித்துத்தான் கொடுப்பேன் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு பட்டன் விடாமல் என்பதில் ரெக்கார்டு பட்டனும் அடக்கம். கேசட்டை வெளியே எடுக்காமல் கொடுத்தது சந்திரசேகரின் புத்தி.

மறுநாள் காலை குரல்கள் கணீரென்று இருந்தன. காளியாயி மறுபடி பொம்பிளையாகிவிட்டாள். சந்திரசேகர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார். "மருதாயி" என்று கேசட் கூப்பிட்டது.

"ரெண்டு உளுந்து வடை, சட்னி தனியா கட்டுங்க" என்றது ஜோஸ்வாவின் குரல்.

"சரி" என்றார் முதலாளி.

சந்திரசேகர் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கேசட் தன்பாட்டுக்கு, மசால் வடை சூடாக இருந்தால் அதிலும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் பழையபடி சசிரேகாவில் வந்து சேர்ந்தது. முடிவில் அதே "ஆகட்டும், பாத்துக்க".

விஷயம் காப்பிக் காட்டுக்குள் பரவியது. எட்டரைக்கு வந்த பெண்கள் பழம் பறிப்பதை விட்டுவிட்டு வடையைப் பற்றியே பேசினார்கள். சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம். முதலாளி தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார், எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒரே அடியாக அடிப்பார் என்றான் வெள்ளையன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதையாகிவிட்டது சந்திரசேகருக்கு. பேசாமல் பழைய பெல்ட்டோடேயே விட்டிருக்கலாம், காளியாயிக்குத் தொண்டை கட்டியது என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபதிவு நடந்தது. விஷயம் தெரிந்து ஜோஸ்வாவே மனசு கேட்காமல் மலைச்சாலையில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். புவனேஸ்வரி கல்யாணமாகி நாமக்கல் பக்கம் போய் ஒரு வருஷமாகியும் கேசட்டில் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முதலாளி அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தத் தடவை அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். மருதாயி முறை வரும்போதெல்லாம் யாராவது "வடை" என்று முணுமுணுக்க, களமே சிரித்தது. ஐந்தாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. பதிந்தது அழியாமலிருக்க, கேசட்டின் முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஜோஸ்வா உடைத்தெறிந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணி. கேசட் அருமையாக ஓடியது. ஒரு பிசிறு இல்லை, ஒரு வடை இல்லை. கவிதாகூடக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். பாதியில் வழக்கமாக வரும் "சரி" வந்தது.

ஆனால் அது "ச...ரீ..." என்று வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்து, மெதுவாக. கடைசியில் "ஆ...க...ட்...டும்..., பா...த்...துக்..." என்று இழுத்துக்கொண்டே போய், முடியாமலேயே போன் வைக்கப்பட்டது.

சந்திரசேகர் கவிதாவைப் பார்த்தார். கவிதா சுவரைப் பார்த்தாள்.

"பெரிய மனுசங்க கத்துனா பயமில்லீங்க. இப்பிடி நிறுத்தி நிதானமாப் பேசறதுதான் பயம்" என்றாள். "இன்னைக்கே போயி கால்ல உழுந்துருங்க."

அவரும் அதையே நினைத்திருந்தார். இனிமேல் தாங்காது. வேலை போனால் போகிறது, ஏழு மணிச் சட்டம் திரும்பி வந்து அந்தக் குழந்தைகள் பஸ்ஸை விட்டுவிடக்கூடாதே என்பதுதான் மனசை அரித்தது. சாட்சியைக் கையோடு ஒப்படைத்துவிடலாம் என்று டேப் ரெக்கார்டரை ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் காளியாயி காத்திருந்தாள். முதலாளிக்குக் கொடுக்கச் சொல்லி ஆறு பட்டர் ஃப்ரூட் பழத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். முடிச்சை அவர் பையில் திணித்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, கேட்டா நாங்கதான் செய்யச் சொன்னோம்னு சொல்லீருங்க. நீங்க தனியாப் போயி மாட்டிக்காதீங்க" என்றாள். "ரெண்டு வருசமா எம்பேத்தி ஒருநா பஸ்ஸ உடலீங்க. அது போதுமுங்க."

சந்திரசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வரும் பக்கம் பார்த்தார். பஸ் வந்தது நல்லதாகப் போயிற்று.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். முதல் வளைவில் அது நீளமாக, கம்பீரமாக இருந்தது. அடிவாரம் வருவதற்குள் "தப்புத்தானுங்க ஐயா" என்று சுருங்கிவிட்டது.

சேலத்தில் முதலாளி வீட்டுக் கேட்டைத் திறந்தவர் சமையல்காரர் சின்னன். இருபது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவர். ரைட்டரைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. ஐயாவைப் பார்க்கவேண்டும் என்றார் சந்திரசேகர். ஐயா தூங்குகிறார் என்றார் சின்னன். மணி பதினொன்று. எழுந்ததும் பார்க்கிறேன் என்றார் இவர். எழுந்ததும் குளிப்பார் என்றார் அவர். அப்புறம் என்றால், மறுபடியும் தூங்குவார் என்றார்.

தன்னைப் பார்க்கவே முதலாளிக்கு விருப்பமில்லை, ஆளை வைத்து விரட்டுகிறார் என்று சந்திரசேகருக்குப் புரிந்துபோயிற்று. வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துவைத்தார். ஐயாவிடம் சொல்லவேண்டியதை எல்லாம் சமையல்காரரிடமே கொட்டினார். பெல்ட், ரப்பர் பேண்டு, வடை எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் ஏழு மணிக்கு ஐயா கேட்டதெல்லாம் இந்தப் பெட்டியைத்தான், தண்டனை எனக்கு மட்டும் இருக்கட்டும், பெண்களை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கும்பிட்டார்.

ஒரு பட்டனை அழுத்தியும் காட்டினார். "காளியாயி" என்றது பெட்டி. "வந்துட்டேனுங்க" என்றாள் காளியாயி, துல்லியமாக.

சின்னன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தெருவை இருபக்கமும் பார்த்தார். கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். பிறகு ரைட்டர் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்து, பெட்டியை ஆசையோடு தடவிப் பார்த்தார்.

"இதைச் சரி பண்ணுனவரு நம்மூட்டுப் பெட்டியையும் பாப்பாருங்களா ரைட்டரே? ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐயா அமெரிக்காவுக்கு மவன் ஊட்டுக்குப் போறப்ப, உங்க போனுக்குப் போடச் சொல்லிப் பேசி வெச்சுட்டுப் போன கேசட்டு இன்னைக்குக் காலையிலிருந்து இழுக்குதுங்க."