எட்டு பவுண்டு மைதாப் பிள்ளை

உலகத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். மைதா மாவைப் பிள்ளையாக வளர்த்துப் பார்த்த மனுஷர் எங்கள் அட்டுவம்பட்டி ரொட்டிக்காரர் ஒருவர்தான். மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவள். இதில் கூட்டவே வேண்டியதில்லை, அந்தப் பழனியாண்டவனுக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். வெள்ளனே எழுந்து ரொட்டி சுட்டு, தகரப் பெட்டியில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு, மலை ஏறி இறங்கி, துரைமார் பங்களா பங்களாவாகப் போவார். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பதினாறு வருஷமாகப் பிள்ளை இல்லை.

ஒருநாள் காலையில் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பார்த்தால், ரொட்டிக்காரர் கையில் ஒரு கைக்குழந்தை! துண்டில் சுற்றி, கம்பளிக் குல்லா போட்டிருந்தது. துவைக்கிற கல்லின் மேல் ஒரு புத்தகம் விரித்துக் கிடந்தது. இது யார் வீட்டுப் பிள்ளை என்று நான் யோசிப்பதற்குள் அலாரக் கடிகாரம் கணகணவென்று அடித்தது. மனுஷர் திடுக்கிட்டார். குழந்தை கையிலிருந்து நழுவி, தலைகீழாகக் கல்லில் போய் விழுந்தது.

“ஐயோ முருகா!” என்று அலறிக்கொண்டு வேலியைத் தாண்டினேன். சேலையில் பாதி வேலியிலேயே நின்றுவிட்டது. கிட்டே போனால், பிள்ளையின் தலை பிளந்து வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது.

“பதறாதீங்க தங்கச்சி, மைதாதான். எட்டு பவுண்டு. பொறந்த புள்ளைக்கு அதான் எடைன்னு புத்தகத்துல போட்ருக்கு.” சொல்லிக்கொண்டே சிந்திய மாவைத் துண்டில் அள்ளினார்.

சத்தம் கேட்டு அவர் சம்சாரம் வெளியே வந்தாள். கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “நாலே நாள்ல கொன்னுபுட்டீங்களா?” என்றாள்.

விஷயம் இதுதான். கன்னியர் மடத்து அநாதைப் பிள்ளைகளில் ஒன்றைக் கேட்டிருந்தார்கள். ஒழுங்காக வளர்ப்பார்களா என்று விசாரித்துவிட்டுத் தருவதாக மடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி தட்டுமுட்டுச் சாமான்களை விற்றாள். பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டியை ரொட்டிக்காரர் வாங்கினார். வண்டிக்குள் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் ஒன்று கிடந்தது. முழுக்க இங்கிலீஷ். ஆறாம் வகுப்புப் படித்த மனுஷர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தார். படித்ததையெல்லாம், கடிகாரம் அடித்தால் பால் காட்டுவது உட்பட, மாவு மூட்டையை வைத்துப் பழகினார்.

“எதுக்குண்ணே புத்தகம்? நான் மூணு பெத்து வளக்கலையா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கெல்லாம் வயித்துலயே பழக்கமாயிருது தங்கச்சி. எங்களுக்கு வாசல்ல வந்துல்ல எறங்கப் போகுது! கேக்குப் போட எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? புத்தகந்தான். ஒரு கரண்டி சோடா கூடுனா கேக்கு என்ன ஆகும்? புள்ள அதவிடப் பெருசில்லையா?”

வேலியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாவு மூட்டைக்கு வேறு விதமாகக் கெட்ட காலம். தினமும் குழந்தையைத் திறந்த வெளியில் காற்றாட விட வேண்டும் என்று புத்தகம் சொன்னதாம். மார்கழி மாதம், எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனி. வண்டியோடு மூட்டையைக் கொல்லையில் நிறுத்திவிட்டு ரொட்டி விற்கப் போய்விட்டார். மத்தியானம் வந்து பார்த்தால், மாவு பனியைக் குடித்துக் கட்டிதட்டிக் கிடக்கிறது.

“புள்ளைக்குச் சளி கட்டிருச்சு தங்கச்சி” என்றார், முகம் தொங்கிப்போய்.

அதோடு விட்டாரா? மாவு வீணாகக் கூடாதென்று அதிலேயே ரொட்டி சுட்டார்! “நேத்து வரைக்கும் குல்லா போட்டு வச்சிருந்த புள்ளையவா அடுப்புல வச்சீங்க!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தெருவில் ஒருவரும் அந்த ரொட்டியைத் தொடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தின்றுவிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

பிறகு ஒருநாள் எங்கள் கடைக்குட்டியைக் கேட்டு வந்தார். “அழுதா ஒடனே தூக்கப்படாதுன்னு போட்ருக்கு. மாவு எங்க அழுகுது? உங்க பயல செத்த அழ வுடுங்க, நான் தூக்காம இருந்து பழகணும்.”

கடைக்குட்டிக்கு அழச் சொல்லித்தர வேண்டியதில்லை, எடுத்தான் ஒரு பாட்டம். ரொட்டிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினொன்றில் குரல் கம்மியது. பதினாலில் பயலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் அழுதார். வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை மட்டும் மைதாப் பசை வைத்து ஒட்டிவிட்டாராம்.

இதெல்லாம் மடத்துக்கு எட்டாமல் இருக்குமா? தைப்பூச விரதத்தன்று ஒரு சிஸ்டர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“மாவு மூட்டைக்கு மணி அடிச்சுப் பால் காட்டுறாராமே? புத்தி பெசகுன ஆளுன்னு சொல்றாங்க. அவர நம்பிப் புள்ளையக் குடுக்கலாமாம்மா? நீங்க சொல்றதுலதான் இருக்கு.”

விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. உண்மையைச் சொன்னாலோ அந்த வீட்டுக்குப் பிள்ளை வராது. முருகா, நீயே பேசு என்று வாயைத் திறந்தேன்.

“அவரு கொஞ்சம் கிறுக்குதான் சிஸ்டர். மாவு மூட்டையக் கீழ போட்டுட்டாரு, நானே பாத்தேன். ஆனா அதுக்காக மூணு நாள் சோறு திங்கலைன்னு அவரு சம்சாரம் அழுதா. மாவுக்கே அப்படின்னா, புள்ளைக்கு எப்படின்னு நீங்களே பாத்துக்கங்க.”

சிஸ்டர் எழுந்து போனார்கள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் சிஸ்டர் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம். தெருவே வேலியோரம் கூடிவிட்டது. ரொட்டிக்காரர் வண்டியில் புதுத் துணி விரித்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தது ஒரு பெண் பிள்ளை. ஐந்து வயது இருக்கும். மொட்டை போட்டு முடி முளைத்துக்கொண்டிருந்த தலை, கையில் ஒரு துணி மூட்டை.

“எல்லாரும் கைக்குழந்தையத்தான் கேக்குறாங்க. இவள யாருமே கேக்கல” என்றார்கள் சிஸ்டர்.

ரொட்டிக்காரர் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. “ஒரு வயசோட முடிஞ்சுபோச்சே...” என்றார். அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை கையிலிருந்த மூட்டையை இறுக்கிக்கொண்டு, வந்த வழியையே திரும்பிப் பார்த்தது. வேண்டாமென்று விடப்படுவது அதற்குப் பழக்கம் போலிருக்கிறது.

ரொட்டிக்காரர் மெதுவாக நிமிர்ந்தார்.

“சிஸ்டர், மொதப் பக்கத்துல இருக்குறதெல்லாம் இந்தப் புள்ளைக்கு யாரு செஞ்சா?”

“யாரும் செய்யலையே.”

“அப்ப மொதல்லருந்தே ஆரம்பிச்சிருவோம்.”

மறுநாளிலிருந்து அட்டுவம்பட்டி கண்ட காட்சியை என்னவென்று சொல்ல! ஐந்து வயதுப் பிள்ளை தள்ளுவண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு, பன் தின்றுகொண்டு தெருவில் உலா வருகிறது. பின்னால் பெருமையாகத் தள்ளுகிறார் அப்பா. வேலியோரம் வந்து என்னிடம் முறையிட்டார்: “பால் குடிச்சதும் முதுகுல தட்டுனா ஏப்பம் வரணும்னு போட்ருக்கு தங்கச்சி. இவ சிரிக்கிறா!”

“சிரிப்பும் ஏப்பம் மாதிரிதாண்ணே. தட்டுங்க” என்றேன்.

சரியாக ஒரு வருஷத்தில் புத்தகம் முடிந்தது. அன்று காலை எங்கள் வாசலில் வந்து நின்றார், கை வெறுமையாக, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையனைப் போல. “தீந்துபோச்சு தங்கச்சி. இனிமே என்ன செய்யிறதுன்னு தெரியலையே.”

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தது. “வெரசா வாங்கப்பா, ரொட்டி கருகுது!” அவரும் இழுத்த இழுப்புக்குப் போய்விட்டார்.

இப்போதும் விளக்கேற்றிக் கும்பிடும்போது என் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்கிறேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. ரொட்டிக்காரர் என்றுதான் சொல்கிறேன். முருகனுக்கு ஆள் தெரியும்.