சும்மா டீச்சரும் எங்கள் ஒழுங்கைக் குப்பையும்

கண்டியில் சும்மா உட்கார்ந்தே ஒரு ஒழுங்கையை முழுதாக ஆட்டிவைத்தவர் என்றால், அது சும்மா டீச்சர் ஒருவர்தான். இதை நான் சத்தியம் செய்தே சொல்லுவேன். ஆனால் டீச்சருக்குச் சத்தியம் செய்வது பிடிக்காது. அப்படியானால் மற்ற நேரமெல்லாம் பொய்யா பேசுகிறோம் என்று கேட்பார்.

யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றைப் பார்த்த சரிவில் ஒடுங்கிய தெருவாக இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கு, இன்னும் நாலு பேரோடு குடிவந்தார். ஐவரும் குவேக்கர்கள். கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவுதான், ஆனால் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஞாயிறு காலை கதிரைகளை வட்டமாகப் போட்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏதாவது உந்தினால், எழுந்து இரண்டு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு ஹாஜியார் மடவளைக்காரர், ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். முதல் ஞாயிறு ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மையித்து வீடு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீர் அனுப்பிவிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"உள்ளுக்கு என்னதான் செய்றீங்க டீச்சர்?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறம்."

பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சமையல், ஒரே சைக்கிள், குளிக்க மழைத் தண்ணீர்ப் பீப்பாய். பூமியை அளவாகப் பாவிப்பதும் பிரார்த்தனைதானாம். எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் எதையும் வாங்கமாட்டார்கள். ஒரு ரைஸ் குக்கர் வாங்குவதா என்று மூன்று ஞாயிறு மௌனமாக யோசித்தார்கள். நாலாம் ஞாயிறு டீச்சர் எழுந்தார். "இவ்வளவு நாளும் விறகிலை சோறு அவிஞ்சதுதானே" என்றார். குக்கர் கதை அதோடு முடிந்தது.

மனிதரில் மேல் கீழ் இல்லை என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். அமைச்சர் வந்தாலும் மீன்காரர் வந்தாலும் ஒரே 'நீங்கள்'. வாசலில் படுத்திருக்கும் சொறிநாயிடம் "கொஞ்சம் எழும்புங்கோ, நான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதுவும் எழுந்து வழிவிட்டது. என் பேச்சை அது ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது பெருமழையில் பாதை சரிந்து, குப்பை லொறி ஒழுங்கைக்குள் வருவது நின்றுபோயிற்று. பத்தொன்பது வீட்டுக் குப்பையும் இரவோடு இரவாகச் சரிவில் உருண்டது. சரிவின் அடியில் இருந்தது லெச்சுமியின் வீடு. தெல்தோட்டையிலிருந்து வந்து எங்கள் வீடுகளில் கூட்டித் துடைப்பவள். அவளுக்கும் மகளுக்கும் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய ஒரு பீலித் தண்ணீர்தான். அந்த ஊற்றில்தான் எங்கள் பைகள் போய் அடைத்தன. நிறுத்தச் சொல்லி அவள் எங்கள் ஒழுங்கைச் சங்கத்துக்கு வந்தாள். சங்கச் செயலாளர் நான்.

கூட்டத்துக்கு வந்ததும் டீச்சர் செய்த முதல் வேலை, கதவோரம் நின்ற லெச்சுமியை ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்தது. இரண்டு பேருக்குமே வியர்த்தது.

"வோட்டுப் போட்டு முடிப்போமே டீச்சர், கடையத் தொறந்து வெச்சிட்டு வந்தீக்கிறேன்" என்றார் ஹாஜியார்.

"ஆமாங்க, சங்கத்துல பெரும்பான்மைதானே வழக்கம்" என்றேன் நான், பெரிய சட்டம் படித்தவன் மாதிரி.

"வோட்டுப் போட்டால் பத்தொன்பதுக்கு ஒண்டு. ஆனால் குடிக்கிற தண்ணி அந்த ஒண்டின்ரை அல்லோ? எல்லாருக்கும் மனம் ஒப்புற மட்டும் சும்மா இருப்பம்" என்றார் டீச்சர்.

இருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. யாரோ இருமினார்கள். இருபது நிமிடத்தில் ஹாஜியார் தூங்கி, விழித்து, மறுபடி தூங்கினார். அரை மணி தாண்டியதும் லெச்சுமி எழுந்தாள்.

"ஒண்ணு சொல்றேங்க. பீலியில அடைக்கிறத நான்தான் அள்ளுறேன். எந்தப் பை எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியும், உங்க வீட்டக் கூட்டுறவளும் நான்தானே. யாருன்னு சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு ஊசி கையில குத்திருச்சு. ஆஸ்பத்திரியில பாத்து ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆனா அந்தத் தண்ணியத்தான் என் மகளும் குடிக்கிறா."

உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை.

ஒழுங்கையில் இன்சுலின் ஊசி போடுகிறவன் நான் ஒருவன்தான். அது என் மனைவிக்கும் லெச்சுமிக்கும் மட்டுமே தெரியும். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அந்த மௌனத்தில் தப்பிக்க வழியே இல்லை. எழுந்தேன்.

"அந்த ஊசி என்னோடதுதான். மன்னிச்சிரு... மன்னிச்சிருங்க லெச்சுமி."

அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாக் கண்ணும் என்மேல். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். டீச்சர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து வந்து அந்த இடைவெளியில் போட்டு, என்னருகே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "எங்கட கடை பெயின்ட் டின்னும் அங்கதான் ஈக்கி, மகள்." பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். முடிவு தானாக வந்தது: மக்கும் குப்பைக்கு டீச்சர் வீட்டு முற்றத்தில் குழி, மற்றதை முறைபோட்டுப் பெரிய ரோட்டுக்குச் சுமப்பது. டீச்சர் அந்த இடத்திலேயே என்னை எழுதவைத்து, வாசிக்கவைத்து, லெச்சுமி "சரிங்க" என்று சொன்ன பிறகுதான் எழும்ப விட்டார். ஞாயிறே எல்லாரும் சரிவில் இறங்கினோம். மாலையில் பீலி தெளிந்து ஓடியது.

போன வருடம் அந்த ஐவரும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு வெறுங்காணியில் மரம் வளர்க்கப் போய்விட்டார்கள். எனக்குக் கண்டி நிறையச் சொந்தக்காரர்கள். நல்லது நடந்தால் அத்தனை பேரும் வந்து நிறைந்துவிடுவார்கள். நான் வெட்கப்பட்டு நின்ற நேரத்தில் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்தது டீச்சர் ஒருவர்தான்.