கேட்கக் கற்றுக்கொண்ட முதலாளி

கேட்கக் கற்றுக்கொண்ட முதலாளி என்றொரு இனம் பெருகி வருகிறதே, கவனித்தீர்களா? பிறவிக் காதுக்காரர் அல்ல இவர்; பயிற்சிக்குப் போய்க் காது வாங்கி வந்தவர்.

நம்மவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்காரர். அவர் மாடியில் தும்மினால் கீழே லாரியில் சரக்கு வேகமாக ஏறும். ஒரே மாதத்தில் இரண்டு மேலாளர்கள் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், எதிர்க் கம்பெனியில் தெம்பாக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மச்சினர் வாயைத் திறந்தார்.

"மச்சான், உங்களுக்கு ஒரு கோச் வேணும்."

"எதுக்கு? நான் என்ன கிரிக்கெட்டா ஆடறேன்?"

"நீங்க ஆடல. உங்க ஆளுங்கதான் ஆடறாங்க, பயத்துல."

வந்த கோச் அம்மாள் பஞ்சு மாதிரி பேசுகிறவர். முதல் நாளே கேட்டார்: "ஒருத்தர் பேசி முடிக்கிறவரைக்கும் கடைசியா எப்ப பொறுமையா இருந்தீங்க?"

நம்மவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "போன வருஷம். பல் டாக்டர் கிட்ட."

"வாயில கருவி இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு."

மூன்று மாதத்தில் ஆள் மாறிவிட்டார். கதவைத் திறந்து வைத்து, நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, தலையை லேசாகச் சாய்த்து, எதிராளி முடித்ததும் மனசுக்குள் பத்து எண்ணி, அதற்குப் பிறகே வாயைத் திறப்பார். முதல் வாரம் அந்தப் பத்தைப் பார்த்துப் பயந்துபோன கணக்கர் தண்ணீர் எடுக்க ஓடினார். அதே கணக்கர் ஒரு நாள் லீவு கேட்டதற்கு, "லீவுன்னா உங்க மனசுல என்ன தோணுது?" என்று நம்மவர் அரை மணி நேரம் விசாரித்தார். லீவு? அதை இருவருமே மறந்துபோனார்கள். வீட்டில் மனைவி காஸ் தீர்ந்துவிட்டது என்றால், "தீர்ந்துடுச்சுன்னு நீ உணர்றியா?" என்பார்.

"நான் உணரல. அடுப்பு உணருது."

ஆனாலும் மனுஷர் சந்தோஷமாக இருந்தார். நம்மைப் போல நல்லவன் உண்டா என்று கண்ணாடி முன் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் வெட்டும் மெஷினைக் கவனிக்கிற அக்கா மாடியேறி வந்தார். பதினெட்டு வருஷ அனுபவம், எல்லோருக்கும் அக்கா.

"சார், பிளேடு மேல இருக்கிற மூடி சரியா நிக்கல. நேத்து ஒருத்தன் விரல் மயிரிழையில தப்பிச்சுது."

பத்து எண்ணினார். "இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குப் புரியுது."

"தைரியம் வேணாம் சார். ரெண்டு ஸ்க்ரூவும் ஒரு மெக்கானிக்கும் வேணும்."

மறுபடி பத்து. "இதுக்குத் தீர்வு உங்களுக்குள்ளேயே இருக்கு."

அக்கா இறங்கிப் போனார். நல்ல உரையாடல் என்று நம்மவர் நோட்டில் எழுதி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை கப்சிப் என்று ஆனது. வாசலில் லாரி நிற்கிறது, சரக்கு பாதிகூட வெட்டவில்லை. பழைய குரல் தொண்டை வரை வர, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். மெயின் சுவிட்சுக்கு முன்னால் அக்கா கை கட்டி நின்றார்.

"தீர்வு எனக்குள்ள இருக்குன்னீங்க. எடுத்துட்டேன் சார்."

கத்தத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒன்று, இரண்டு... எண்ணும்போது கண்ணுக்கு வேறு வேலை இல்லையே, மெஷினைப் பார்த்தது. மூடி ஒரு சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, கை வைத்து வைத்தே தேய்ந்து பளபளத்த இடம். ஏழாவது எண் வரவேயில்லை.

"எந்த ஸ்க்ரூ, அக்கா?" என்றார்.

தலை சாயவில்லை, உணர்வை விசாரிக்கவில்லை. மெக்கானிக் வந்தார், மூடி நின்றது, லாரி ஒரு நாள் தாமதமாகப் போனது, பத்து விரல்காரர்கள் பத்து விரலோடு வீடு போனார்கள். பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: உண்டு. ஆறு வரை எண்ணினால் போதும்.

நமக்கென்ன, நாம் முதலாளியா என்று சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவர் ஏதோ சொன்னார். நீங்களும் அழகாக "ம்" கொட்டினீர்கள். என்ன சொன்னார்?