கோழி மருந்தும் மருதாசலமும்

இந்தப் பொங்கலுக்கு மச்சான் செங்கோடனை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவதென்று மருதாசலம் முடிவு கட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் பொங்கல்தோறும் ஒரு போட்டி வைப்பார்கள். தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடி வரவேண்டும். வருஷம் தவறாமல் கோப்பை செங்கோடனுக்குத்தான். கோப்பை போனால் போகிறது. பெண்டாட்டியின் அண்ணனாகப் பிறந்துவிட்டு, காதுகுத்து, கல்யாணம் என்று விருந்துக்கு விருந்து, "ஏனுங்க மாப்ளே, மூட்டை கனமுங்களா?" என்று பந்தியில் வைத்துக் கேட்கிறானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வழி காட்டியவர் நாமக்கல்லில் நடந்த பண்ணைக்காரர் கூட்டத்தில் பேசிய கால்நடை டாக்டர். தீவனத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் கலந்தால் சதை பிடிக்கும் என்றார். கூட்டத்தில் எல்லோரும் கோழியை நினைத்துக் கேட்டார்கள். மருதாசலம் தன்னை நினைத்துக் கேட்டார்.

மறுநாள் காலையில் அந்த வெள்ளைத் தூளைப் பாலில் கலக்கிக்கொண்டிருந்தபோது பெண்டாட்டி சௌந்திரம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னுங்க இது? அழுகின முட்டைக்கோசு வாடை அடிக்குது!"

"தெம்பு வாடை, புள்ள. கோழிக்குக் குடுக்கறதுதான்."

"கோழி மருந்தையா குடிக்கறீங்க?"

"கோழி எடைக்கு ஒரு சிட்டிகை. என்ற எடைக்கு ஒரு கரண்டி. கணக்குப் போட்டுத்தான் குடிக்கறேன்."

"பாத்துங்க, முட்டை கிட்டை உட்டுறப் போறீங்க!"

"சிரி, சிரி. உங்கண்ணன் மூஞ்சி தொங்கும்போது தெரியும்."

"தொங்குனா எனக்கும் சந்தோசந்தானுங்க. அவரு பேசற பேச்சு எனக்கு மட்டும் இனிக்குதுங்களா?"

மருதாசலம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குமட்டலையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மூட்டை தூக்கிப் பழகக் கிளம்பினார். சௌந்திரம் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, மருந்து உடம்புல ஊற வேண்டாமுங்களா? இப்பவே தூக்கினாத் தெம்பெல்லாம் செலவாயிருமுங்க."

"அப்படியா சொல்றே?"

"நம்ம கோழி என்ன மூட்டையா தூக்குது? கூண்டுல உக்காந்துக்கிட்டே தின்னுது. சதை புடிக்கறதில்லீங்களா?"

மருதாசலம் யோசித்தார். கோழி மூட்டை தூக்கி அவர் பார்த்ததில்லை.

"அப்பப் பண்ணையில மூட்டையெல்லாம் ஆரு தூக்கறது?"

"நான் பாத்துக்கறனுங்க. நீங்க படுங்க."

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்! மார்கழி முழுக்க மருதாசலம் வைராக்கியமாகப் படுத்தார். கை கால் பரபரத்தாலும் விடாப்பிடியாகப் படுத்தார். வயிறு கடமுடா என்று உருண்டது. தெம்பு இறங்குகிறது என்று பொறுத்துக்கொண்டார். சௌந்திரம் லாரியிலிருந்து மூட்டை இறக்கினாள், கொட்டகை கொட்டகையாகச் சுமந்தாள், போகப் போக மூட்டையோடு ஓடவே ஆரம்பித்தாள். "மெதுவாப் போ புள்ள, விழுந்து கிழுந்து வெக்காதே" என்று கட்டிலில் இருந்தபடியே கரிசனமாகக் குரல் கொடுத்தார்.

பொங்கலும் வந்தது. மைதானத்தில் இந்தத் தடவை செங்கோடனை எதிர்த்து நிற்கத் துணிந்தவர் மருதாசலம் ஒருவர்தான். மீசையை முறுக்கிக்கொண்டு குனிந்தார், மூட்டையைக் கட்டிப் பிடித்தார், தூக்கினார். இடுப்பு மளுக்கென்றது. விசில் ஊதும் முன்பே மூட்டை ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், மருதாசலம் ஒரு பக்கம் கிடந்தார்கள்.

"என்னுங்க மாப்ளே, நான் தனியாவா ஓடறது?" என்றான் செங்கோடன், ஊருக்கே கேட்கும்படி.

"எதுக்குங்கண்ணா தனியா? நான் வாரேன்."

சௌந்திரம் சேலையை இழுத்துச் செருகினாள். கூட்டம் சிரித்தது. கீழே கிடந்த மூட்டை ஒரே மூச்சில் அவள் தோளுக்கு ஏறியதும் சிரிப்பு அடங்கியது. விசில் ஊதினார்கள். பாதி மைதானம்வரை அண்ணனும் தங்கையும் சமமாக ஓடினார்கள். திருப்பத்தில் செங்கோடனுக்கு மூச்சு வாங்கியது, சௌந்திரத்துக்கு வாங்கவில்லை. மருதாசலத்துக்கு இடுப்பு வலி பறந்தே போனது. தரையில் உட்கார்ந்தபடியே, "உடாதே புள்ள! உடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கோப்பை சௌந்திரத்தின் கைக்கு வந்தது. பண்ணைக்காரர் சங்கத் தலைவர் மைக்கை நீட்டினார்.

"இம்புட்டுத் தெம்பு எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"எல்லாம் எங்க ஊட்டுக்காரர் தயவுங்க."

மருதாசலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். செங்கோடன் பக்கம் மட்டும் இரண்டு தடவை கும்பிட்டார்.

சௌந்திரம் தொடர்ந்தாள்: "நான் மூட்டை தூக்கிப் பழகோணுமின்னுதானுங்க, அவரைப் போன மாசம் பூராவும் படுக்க வெச்சிருந்தேன்."